ஆறு பேர் வீட்டில் இருபத்து மூன்று பேர்

எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தை நான் நான்கு தடவை வரைந்திருக்கிறேன். தாளில் அல்ல. போர்க்காலத்தில் பொலிஸ் நிலையத்தின் வரைபடத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டிருக்கவில்லை. மனதில்தான். படவரைஞர் பயிற்சி பெற்றவளை ஒரு வாங்கில் இரண்டு மணித்தியாலம் உட்காரவைத்தால் அவள் சுவரின் நீள அகலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் வரைபடத்தில் ஒரு மேசையும், ஒரு மர அலுமாரியும், அலுமாரிக்குப் பின்னால் உரிமை கோராத சைக்கிள்கள் மூன்றும் இருந்தன. வெள்ளவத்தையில் தங்க வருகிற வடக்கு ஆட்களின் பெயர்களை ஒரு சார்ஜன் பாடசாலைக் கொப்பியில் எழுதினார். இரண்டாவதில் வாசலில் மணல்மூட்டைகள் வந்தன. கொப்பி போய், ரோனியோ மெசினில் பிரதியெடுத்த படிவம் வந்தது. மூன்றாவதில் ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்று எழுந்து, அதற்கு அந்தப்பக்கம் பதிவுப் பிரிவு என்று தனியாக ஒன்று முளைத்தது. வாங்கு வெளியே தகரக் கூரைக்குக் கீழே போனது. நான்காவதில் ஒரு கணினி. அதன் பிளாஸ்ரிக் உறையைப் பல மாதங்கள் யாரும் கழற்றவில்லை.

பொறுப்பதிகாரிகள் மாறினார்கள். மணல்மூட்டைகளின் உயரமும் சண்டைச் செய்திக்கேற்ப ஏறியிறங்கியது. நான்கு வரைபடத்திலும் மாறாமல் இருந்தவர் அந்தச் சார்ஜன் ஒருவர்தான். காலிப் பக்கத்துச் சிங்களவர். ஐந்து வருடம் மட்டக்களப்பில் வேலை பார்த்துப் பழகிய தமிழ் அவருடையது. மீசையும் இடுப்பில் துப்பாக்கியுமாக நின்றுகொண்டு, அந்த ஊர்ப் பெண்கள் தமக்குள் கதைப்பதுபோல வசனத்தைக் ‘கா’ என்று முடிப்பார். எங்கள் வீட்டுக்கார அன்ரிக்குச் சிரிப்பை அடக்க இருமல் தேவைப்படும்.

இது நடந்தது மூன்றாவது வரைபடத்தின் காலத்தில்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அன்ரியின் வீடு. யாழ்ப்பாணத்தில் சீதனமாக வந்த காணியை விற்று இங்கே வாங்கியது; ஆகவே வீட்டு உறுதிப்பத்திரம் அன்ரியின் பெயரில். வீட்டில் ஆறு பேர் இருந்தோம். அன்ரி, ஓய்வுபெற்ற எழுதுவினைஞரான அங்கிள், எட்டாம் மாதக் கர்ப்பிணியான அவர்களின் மகள், பின் அறையில் வாடகைக்கு இருந்த நாங்கள் மூன்று பெண்கள். ஒருத்தி பாலர் பாடசாலை ரீச்சர். ஒருத்தி தாதிப் பயிற்சியில் இருந்ததால் பாதி நாள் களுபோவில ஆஸ்பத்திரியிலும் மீதி நாள் நித்திரையிலும் இருப்பாள். மூன்றாவது நான். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பித்த இடங்களை ஒரு கொப்பியில் நிரல் போட்டு எழுதிவந்தேன். பத்தொன்பது வரிகளில் பதினெட்டுக்கு எதிரே ‘பதில் இல்லை’.

பத்தொன்பதாவது பதில் போட்டது. கோட்டையில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகம். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வரும்படி எழுதியிருந்தார்கள். அலுவலகம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்ததால் பொலிஸ் நற்சான்று இல்லாமல் வாசல் காவலைத் தாண்ட முடியாது. திங்கட்கிழமை நான் அதோடு வராவிட்டால் பட்டியலில் அடுத்தவரை அழைப்போம் என்பதையும் ஒரு வரியில் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த அடுத்தவரைத் தெரியும். என்னோடு படித்தவர். கோடு நன்றாக இழுப்பார்.

நான் ஏற்கனவே விண்ணப்பித்திருந்தேன். வீட்டைச் சோதித்துப் பார்த்தபின்தான் நற்சான்று தருவோம் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்தத் திங்களுக்கு எட்டு நாள் முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை சார்ஜனும் இரண்டு கான்ஸ்டபிள்மாரும் படியேறி வந்தபோது, கொழும்பிலேயே பொலிசைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே தமிழ்ப் பெண் நானாகத்தான் இருந்திருப்பேன்.

"அம்மா, எல்லாரையும் ஹோலுக்கு வரச் சொல்லுங்க" என்றார் சார்ஜன்.

வந்தோம். தாதி தலையணை அடையாளம் கன்னத்தில் இருக்க வந்து நின்றாள். சார்ஜன் பேனையால் காற்றில் புள்ளி வைத்து எண்ணினார். ஆறு. கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். திரும்ப எண்ணினார். ஒரு கான்ஸ்டபிள் குசினிக்குள் போய்வந்தார். மற்றவர் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தார். அங்கே என் வரைபலகைதான் இருந்தது.

"மத்த ஆக்கள் எங்க?"

"எந்த மற்ற ஆக்கள்?" என்றாள் மகள்.

"இருபத்திமூணு பேர் எழுதியிருக்கீங்க கா."

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். படிவத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து, தூரத்திலிருந்தே தெரிந்தது. அன்ரி மட்டும் கலங்கவில்லை.

"ஓ, அவையளோ? அவையள் இன்னும் வரேல்லை."

"வராத ஆள எதுக்கு எழுதினீங்க?"

"வருவினம்தானே சேர்."

அன்ரியின் நியாயத்தை நான் விளக்கவேண்டும். எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் அது நியாயம்தான். வடக்கிலிருந்து யார் வந்து தங்கினாலும் வீட்டுக்காரர் நிலையத்துக்குப் போய்ப் பதியவேண்டும். ஒவ்வொரு தடவையும் உறுதியின் பிரதி, வரிசை, வாங்கு. அன்ரிக்கோ முழங்கால் வருத்தம். முந்திய வருடம் எதிர்வீட்டில் பதியாமல் இரண்டு நாள் தங்கிய ஒரு மருமகனைப் பொலிஸ் கூட்டிக்கொண்டுபோய், அவர் வெளியே வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவருடைய தாய் எங்கள் ஹோலில்தான் இருந்தார். இதையெல்லாம் பார்த்த அன்ரி, அரை வருடத்துக்கு முன் குடும்பப் படிவம் வீடுவீடாக வந்தபோது, எப்போதாவது வரக்கூடிய எல்லோரையும் ஒரே தடவையில் எழுதச் சொல்லிவிட்டார்.

"எழுதாத ஆள் வந்தால்தானே கரைச்சல்? எழுதின ஆள் வராட்டி ஆருக்கு என்ன கரைச்சல்?"

சார்ஜன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"அம்மா, ஒரு ஆள் கூட இருந்தா, யாரு எண்டு நான் கேக்கிற. பதினேழு ஆள் குறைஞ்சா, எங்க எண்டு மேல இருக்கிறவங்க கேக்கிற. ரெண்டாவதுதான் பெரிய வேலை." என்னைப் பார்த்தார். "புள்ளட ரிப்போட்டும் இந்த ஃபைலுக்குள்ளதான் இருக்கு. இது சரிவராம பெரியவர் சைன் வைக்க மாட்டார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் ரெண்டு கிழமை லீவு."

அன்று பின்னேரம் அங்கிள் காபன் பிரதியை எடுத்துவந்தார். அவர் எதற்கும் காபன் வைத்து எழுதுபவர். நான் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து நிரல் போட்டேன்: பெயர், உறவு, வயது, தற்போது இருக்கும் இடம். அன்ரி சொல்லச்சொல்ல எழுதினேன். அன்ரியின் தம்பி குடும்பம், ஐந்து பேர். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் பாஸ் கிடைக்காமல் இருக்கிறார்கள். அங்கிளின் தங்கை குடும்பம் நான்கு பேர், வவுனியா வரை வந்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சான்மார் மூன்று பேர். "திருப்பி அனுப்பினால் எங்க போவாங்கள்?" வத்தளையில் வீடெடுத்து இருக்கும் புதுமணத் தம்பதி இரண்டு பேர். "அவள் கோவிச்சுக்கொண்டு இங்கதான் வருவாள், பின்னால அவனும் வருவான்." டோகாவில் வேலை பார்க்கும் மருமகன், மகளின் கணவர்.

"இந்த இருபத்திரண்டாம் ஆள் ஆர் அன்ரி? முப்பத்தொரு வயசு. எக்கவுண்டன்."

"தேத்தண்ணி கொதிக்குது போல" என்று அன்ரி எழுந்தார்.

"அடுப்பு மூட்டவே இல்லை அம்மா" என்றாள் மகள்.

அன்ரி திரும்பவும் இருந்தார். பாலர் பாடசாலை ரீச்சரைப் பார்க்காமல் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உம்மட அம்மா கடிதம் போட்டவ. ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கினமாம். பொடியன் தங்கமான பொடியன். சரிவந்தால் முதல் கொஞ்ச நாள் இங்கதானே இருக்கவேணும் எண்டு…"

ரீச்சர் தலைவாரிய சீப்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்ர கலியாணம் எனக்குத் தெரியமுந்திப் பொலிசுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஏன் கோவிக்கிறீர்? சாதகம்கூட இன்னும் பாக்கேல்லை."

"சாதகம் பாக்கேல்லை, ஆனா ஐ.சி. நம்பர் எழுதியிருக்கு!"

தாதி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். ரீச்சர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். பிறகு காபன் பிரதியை இழுத்து, அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். உயரம் எழுத நிரல் இல்லையா என்று கேட்டாள்.

கடைசி வரி, இருபத்து மூன்று: பேரன். ஆண். வயது 0. அடையாள அட்டை: இன்னும் எடுக்கவில்லை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். அந்தப் படிவம் எழுதும்போது அவளுக்கு இரண்டு மாதம்.

செவ்வாய்க்கிழமை அன்ரியும் நானும் நிலையத்துக்குப் போனோம். சார்ஜன் என் அட்டவணையை விரலால் தொட்டுத்தொட்டு வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. ‘தற்போது இருக்கும் இடம்’ என்ற நிரலில் நான் உண்மையைத்தான் எழுதியிருந்தேன்: வீட்டில், தாயுடன்.

"அப்படியெண்டா ஞாயித்துக்கிழம நான் பிழையா எண்ணின" என்றார். "ஆறு இல்ல, ஏழு." தடுப்புக்கு மேலால் எட்டிச் சிங்களத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார். ஒட்டுப்பலகைக்கு அந்தப்பக்கம் சிரித்த சத்தம் கேட்டது. நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். இனி என்ன, முடிந்துவிட்டது.

அவர் பழைய படிவத்தை எடுத்தார். அடிமட்டம் எடுத்தார். சிவப்புப் பேனை எடுத்தார்.

"இப்ப இந்தப் பதினேழு பேரையும் நான் வெட்டுற. ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில அம்மா சைன் வைக்கிற. அவ்வளவுதான்."

அன்ரி அடிமட்டத்தின் மேல் கையை வைத்தார்.

"வெட்டுறதோ?"

"ஓம் கா, ஒரு கோடுதான்."

"உயிரோட இருக்கிற பிள்ளையளின்ர பேரைச் சிவப்பால வெட்டச் சொல்லி நான் கையெழுத்து வைக்கிறதோ? வவுனியாவில நிக்கிறவைக்கு நான் இங்க கோடு கீறுறதோ? பிறக்காத பிள்ளைக்கும்?" அன்ரியின் குரல் உயரவில்லை. "மாட்டன் சேர். என்னைப் பிடிச்சு உள்ள போடுங்கோ."

சார்ஜன் என்னைப் பார்த்தார். நான் அன்ரியைப் பார்த்தேன். அன்ரி எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

வீதிக்கு வந்ததும் கேட்டேன். "அன்ரி, எனக்குத் திங்கட்கிழமை வேலை."

"தெரியும் பிள்ளை."

"இது போனால் அந்த இடம் போச்சு."

"வேலை இன்னொண்டு வரும்."

சொன்ன உடனேயே அது சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டு ‘பதில் இல்லை’யையும் அவர்தான் தபால்காரனிடம் கேட்டுக்கேட்டு எனக்குச் சொன்னவர். சந்தியில் நின்று எனக்கு இரண்டு வடை வாங்கித் தந்தார். வடையைச் சாப்பிட்டேன், வீடு வரை கதைக்கவில்லை.

கையெழுத்தைத் தான் வைக்கிறேன் என்றார் அங்கிள். முடியாது. வீட்டுக்காரர் உறுதிக்காரர்தான். "என்ர வீட்டில எனக்கு இருக்கிற அதிகாரம் இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

புதன்கிழமை முழுவதும் எனக்குக் கோபம்தான். கோபம் வந்தால் நான் அடுக்குவேன். புத்தகங்களை அடுக்கினேன், உடுப்பை அடுக்கினேன், கட்டிலுக்கு அடியிலிருந்த வரைபடக் குழாயை இழுத்து உள்ளே இருந்த தாள்களை வரிசைப்படுத்தினேன். கடைசி வருடம் நான் வரைந்த சிறிய மருந்தகத்தின் வரைபடம் அதற்குள் இருந்தது. மூலையில் ‘திருத்தம் 1’ என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே முதல் தாள், ஒரு கீறலும் இல்லாமல்.

கல்லூரியில் எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தந்த விதி அது. வெளியே கொடுத்த வரைபடத்தில் யாரும் எதையும் வெட்டுவதில்லை. மாறிவிட்டால் புதிய தாளில் வரைந்து, திருத்த இலக்கம் போடுவோம். பழையது பழையபடியே கோப்பில் இருக்கும். அதோடு, இன்று நிற்கிற சுவரை முழுக்கோட்டிலும், பிறகு கட்டப்போகிற சுவரை இடைவெளி விட்ட கோட்டிலும் காட்டுவோம். கட்டப்போகிற சுவரை இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள் போட்டேன். முதலாவதற்குத் தலைப்பு, ‘இவ்வீட்டில் வசிப்போர், திருத்தம் 1’. ஆறு பேர், எட்டு நிரல், மையால் முழுக்கோடு. அடியில் வீட்டுக்காரர் கையெழுத்து. இரண்டாவதற்குத் தலைப்பு, ‘வரவிருப்போர்’. பதினேழு பேர். எல்லாக் கோட்டையும் இடைவெளி விட்டு இழுத்தேன். இந்த மாதிரிக் கோடு முழுக்கோட்டைவிட மூன்று மடங்கு நேரம் எடுக்கும். அன்ரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில ஆரையும் வெட்டேல்லையே?"

"இல்லை. பழைய தாளிலயும் ஒருத்தரும் கைவைக்க மாட்டினம். இது புதுசு."

"ஏன் எல்லாக் கோடும் விட்டுவிட்டு இருக்கு?"

"இன்னும் வரேல்லை. வந்தாப்பிறகு நிரப்பலாம்."

அன்ரி தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிறகு பேனையை வாங்கி, முதல் தாளில் கையெழுத்து வைத்தார்.

வியாழக்கிழமை சார்ஜன் எங்களைப் பொறுப்பதிகாரியின் அறைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். தனக்கு விளங்குகிறது, ஆனால் இப்படி ஒன்றைத் தான் கண்டதில்லை என்றார். பொறுப்பதிகாரி நிலையத்துக்கு வந்து இரண்டு மாதம்தான். குறைவாகக் கதைப்பவர். அங்கிள் திருத்தித் தந்த சிங்கள வசனங்களை நான் மனப்பாடம் செய்திருந்தேன்; அவருக்கு முன் நின்றதும் பாதி மறந்துபோனது. மீதியைச் சார்ஜன் நிரப்பினார்.

பொறுப்பதிகாரி முதல் தாளை நீண்ட நேரம் பார்த்தார். ஆறு பெயரை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. கோடுகளைப் பார்க்கிறார் என்று பிறகுதான் விளங்கியது.

"நாளைக்கு ஒரு ஆள் புதிதாக வந்தால்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"திருத்தம் இரண்டு கொண்டுவருவேன், சேர்."

"அதற்குப் பிறகு?"

"மூன்று."

"எத்தனை வரை?"

"வீடு நிறையும் வரை, சேர்."

சார்ஜன் கூரையைப் பார்த்தார். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. இரண்டாவது தாளை எடுத்தார். "இது என்ன?"

நான் வாய் திறக்க முன் அன்ரி தன்னிடமிருந்த சிங்களத்தில் சொன்னார்: "ஏக மகே." அது என்னுடையது. மீன்காரனிடம் பேரம் பேசிப் பழகிய சிங்களம் அது. அந்த அறையில் அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. பொறுப்பதிகாரி அந்தத் தாளை இரண்டு கையாலும் எடுத்து அன்ரியிடம் நீட்டினார். பிறகு பழைய படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனையைத் திறந்தார். அன்ரி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். பேனை தாளின் மேல் ஓரத்துக்குப் போனது. ‘திருத்தம் 1 ஐப் பார்க்க’ என்று சிங்களத்தில் எழுதி, கீழே ஒப்பமிட்டது. நீல மை. பெயர்களின் மேல் ஒன்றும் படவில்லை. அதே பேனையால் கோப்புக்குள் இருந்த என் நற்சான்றிலும் ஒப்பமிட்டார்.

வெளியே வந்ததும் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். "சந்தியில வடை சாப்பிடுவமோ?" என்றார். இந்தத் தடவை வீடு வரை கதைத்துக்கொண்டு போனோம்.

திங்கட்கிழமை எட்டு இருபதுக்குக் கோட்டையில் வாசல் காவலைத் தாண்டினேன். அந்த வாரமே சார்ஜன் ஆள் அனுப்பினார், என்னைப் பிடிக்க அல்ல. நிலையத்துக்கு ஒரு வெறும் படிவம் அதே எட்டு நிரலோடு கோடு போட்டுத் தரமுடியுமா என்று கேட்க. கணினி வரும்வரை அந்தப் பிரிவில் ஓடிய ரோனியோ படிவத்தின் கோடுகள் நான் இழுத்தவை. மேல் மூலையில் திருத்த இலக்கத்துக்கு ஒரு சின்னப் பெட்டியும் வைத்திருந்தேன்.

இரண்டாவது தாளை அன்ரி தன் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தார். வவுனியாவிலிருந்து நால்வர் வந்தபோது அந்த நான்கு வரிகளின் இடைவெளிகளை நான்தான் மையால் நிரப்பினேன். இருபத்திரண்டாம் ஆளின் வரியை ரீச்சர் தானே நிரப்பினாள், உயரம் போதுமாம். யாழ்ப்பாணத்து ஐந்து வரிகள் வெகுகாலம் அப்படியே இருந்தன. அன்ரி சேலை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவற்றைப் பார்ப்பார்.

ஆனால் முதலில் வந்தது கடைசி வரிதான். ஏழு கிழமைக்குப் பிறகு மகளுக்குப் பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும், தானே பதியவேண்டும் என்று அன்ரி பிடிவாதமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்பினார். நான் திருத்தம் 2 ஐக் கொண்டு பின்னால் போனேன். சார்ஜன் தாளை வாங்கி வாசித்தார். துணியை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார்.

"பொம்பிளப் புள்ள. அண்டைக்கு ஆம்பிளப் புள்ள எண்டுதானே எழுதினீங்க கா? அவர் எங்க?"

அன்ரி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"அவர் இரண்டாம் தாளில நிக்கிறார் சேர்."